சோடியம் இறங்கிய ஆறு கிழமைகள்

தாதியர் சேவைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் மலருக்கு ஆசியுரை ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். படமும் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். படம் அனுப்பவில்லை. ஆசி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது கோபம்தான் வந்தது. அதையே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விட்டுவிடுங்கள். வெட்டிச் சுருக்கிப் போடாதீர்கள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் மச்சாளைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி மயங்கிக் கிடந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை வந்தாள். ஆய்வுகூடத்திலிருந்து வந்த இரத்த முடிவுத் துண்டை, ஒரு தரமும் வாசிக்காமல், கோப்பில் ஒட்டினாள்.

"சோடியம் எவ்வளவு பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது டொக்டர் பாப்பார் அம்மா. நாங்கள் ஒட்டுறது மட்டும்தான்" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நான் தீவுப்பகுதியில் சரவணை என்ற ஊரில் பிறந்தவள். முப்பத்துநான்கு வருடம் தாதியாக இருந்தேன். அதில் பதினொரு வருடம் எங்கள் தீவுப்பகுதியின் சின்ன வைத்தியசாலை ஒன்றில். ஆண்களுக்கு ஒரு வாட்டு, பெண்களுக்கு ஒரு வாட்டு, ஒரு டொக்டர், ஒரு தொலைபேசி. ஊசி போடுவதும் சேலைன் ஏற்றுவதும் உங்களுக்கு நன்றாகவே படிப்பித்திருப்பார்கள், அதற்குள் நான் போகவில்லை. ஒரு மனிதரின் புத்தியை நாங்கள் இரண்டு தரம் கைநழுவ விட்டோம். முதல் தரம் ஒன்றும் தெரியாமல் விட்டோம். இரண்டாம் தரம் எல்லாம் தெரிந்தும் விட்டோம். அதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து கனகசபை முதலாளி என்பவரை வாடகைக் காரில் ஏற்றி வந்தார்கள். தெற்கே ஒரு பட்டினத்தில் நெடுங்காலம் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். அறுபது வயதுக்குக் கிட்ட. ஆறு மாதமாக விடாத இருமல் என்று கடையை மருமகனிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்திருந்தார். நல்ல உயரமான மனிதர். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளி ஒன்று மாற்றிப் பூட்டியிருந்தார். என் மேசையிலிருந்த பஞ்சுப் போத்தலை எடுத்து மூக்கில் வைத்து மணந்துவிட்டு, "இது போன தடவை வந்த சரக்கு" என்றார்.

அவரின் மனைவி பூமணி அக்கா கூட வந்திருந்தார். டொக்டர் அவரிடம் விசாரித்தார்.

"எத்தனை நாளா இப்பிடி?"

"நாலஞ்சு நாளா டொக்டர். முதல்லை சத்தி எடுத்தவர். பிறகு கதை பிசகிப் போச்சு. என்னைப் பாத்துக் கடையிலை வேலைக்கு நிண்ட ஆளின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறார்."

"குடிக்கிறவரோ?"

"ஐயோ இல்லை. ஒரு துளி தொட்டறியார். சுருட்டு மட்டும் பத்த வைப்பார். அது ஒரு நாளைக்கு ஏழெட்டு."

டொக்டர் சிரித்தார். "எல்லா மனுசிமாரும் முதல்லை இப்பிடித்தான் சொல்லுறவை" என்றார்.

டொக்டர் அப்போதுதான் பரீட்சை பாஸ் பண்ணி வந்த இளைஞர். கள்ளுத் தவறணையிலிருந்து விழுந்து எழும்பி வருகிறவர்களுக்குக் காயம் கட்டிக் கட்டி அலுத்துப் போயிருந்தார். தலைமாட்டில் தொங்கும் அட்டையில் 'மதுப் பழக்கம், புத்தி மாறாட்டம்' என்று எழுதினார். அந்த நாலு சொற்களுக்குப் பிறகு எவரும் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தோம். வாட்டில் கூட்டுகிற ஆள் போகிற வருகிற நேரமெல்லாம், "முதலாளி, இண்டைக்கு எத்தனை போத்தல்?" என்று கேட்பான். மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். கட்டிலிலிருந்து இறங்கி இறங்கி ஓடினார் என்று அவரின் இரண்டு மணிக்கட்டுகளையும் துணியால் கட்டிலோடு கட்டினோம். கட்டியவள் நான்தான். அப்போது சரியென்றுதான் பட்டது.

இன்னொன்றும் செய்தேன். வாந்தி எடுத்து வறண்டு போயிருப்பார், குடிவெறி இறங்கவும் நல்லது என்று எண்ணி, "அக்கா, தண்ணி நல்லாக் குடுங்கோ" என்று பூமணி அக்காவிடம் சொன்னேன். எங்கள் வைத்தியசாலைக் கிணறு உவர். பூமணி அக்காவின் தமையன் மண்கும்பானுக்குச் சைக்கிளில் போய் நல்ல தண்ணீர் அள்ளிக்கொண்டு வருவார். அந்த மனிதரின் தாடையைப் பிடித்து, பேணி பேணியாகப் பருக்கினோம். அதற்கு மேலே சீனித் தண்ணீர்ச் சேலைன் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை. இரண்டு நாளாக அவ்வளவு தண்ணீர் உள்ளே போயும் சிறுநீர் கொஞ்சமாக, கடுந்தேயிலை நிறத்தில்தான் வந்தது. அதைக் கண்டேன். குறிப்பில் எழுதினேன். எழுதிய பிறகும், ஏன் இப்படி என்று ஒரு நிமிடம்கூட நின்று யோசிக்கவில்லை.

டொக்டர் சீனிக்கும் யூரியாவுக்கும் இரத்தம் அனுப்பச் சொல்லியிருந்தார். எங்களிடம் ஆய்வுகூடம் கிடையாது. போத்தலை ஐஸ் வைத்த பிஸ்கட் தகரப்பெட்டியில் போட்டு, காலை பஸ்ஸில் பண்ணைப் பாலத்தால் அக்கரையிலுள்ள பட்டினத்து வைத்தியசாலைக்கு அனுப்புவோம். அங்கே ஆய்வுகூடத்தில் ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பெயர் வருவது பிடிக்காது. அதிகம் பேசாதவர். சந்தேகம் வந்தால் ஒரே இரத்தத்தை மூன்று தரம் பார்ப்பவர். இரத்தத்தைச் சுவாலையில் தெளித்து அதன் நிறத்தைக் கொண்டு சோடியத்தை அளக்கும் ஓர் இயந்திரம் அவரிடம் அப்போதுதான் வந்திருந்தது. அனுப்பிய துண்டில் 'நினைவு குறைகிறது' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, எவரும் கேட்காமலே சோடியத்தையும் பார்த்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிபோலத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். பேசியவர் அந்த ஆய்வுகூடக்காரர், தாதியை அப்போது எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, உங்கட கனகசபை எண்டவருக்குச் சோடியம் நூற்றியெட்டு."

"எவ்வளவு இருக்க வேணும்?"

"நூற்றிமுப்பத்தைஞ்சுக்குக் கீழை போகக் கூடாது. மூண்டு தரம் பாத்திட்டன். டொக்டரிட்டைக் குடுங்கோ."

டொக்டர் நெடுந்தீவுக் கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார், லோஞ்சுப் படகுக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே போனை வாங்கிக் கேட்டார். "பஸ்ஸிலை குலுங்கிப் பழுதான இரத்தம்" என்றார். குலுங்கினால் பொட்டாசியம்தான் பிழையாக வரும், சோடியம் பிழையாக வராது என்று அந்தப் பக்கத்தில் சொல்வது எனக்கும் கேட்டது. "அப்ப சேலைன் ஏறின கையிலை எடுத்திருப்பினம்" என்று சொல்லி டொக்டர் போனை வைத்தார்.

"இல்லை டொக்டர். சேலைன் ஏத்த முதல், மற்றக் கையிலை நான்தான் எடுத்தனான்" என்றேன்.

"மிஸி, நீர் உம்மட வேலையைப் பாரும். அடுத்த சேலைன் போத்தலைக் கொழுவும். புத்தி பிசகின ஆள், திங்கட்கிழமை விசராஸ்பத்திரிக்கு அனுப்பக் காயிதம் எழுதி வைச்சிருக்கிறன்."

போய்விட்டார்.

பிள்ளைகளே, அடுத்த போத்தலை நான் கையில் எடுத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனபோது அவருக்கு வலிப்பு வந்தது. கட்டிய கை கட்டியபடி, கட்டில் சுவரில் இடிக்க இடிக்க, வாயோரம் நுரை. பூமணி அக்கா காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஊசி போட்டு வலிப்பை அடக்கினேன். அப்போதுதான் கால்மாட்டில் வைத்திருந்த சிறுநீர்ப் போத்தல் கண்ணில் பட்டது. உள்ளே போன தண்ணீர் எங்கே போனது? வெளியே வரவில்லை. உடம்பில் வீக்கமும் இல்லை. அப்படியானால் இரத்தத்திலும் மூளையிலும்தான் நிற்கிறது. நாங்கள் நல்ல தண்ணீர் கொடுத்து இந்த மனிதரை உள்ளுக்குள்ளே அமிழ்த்திக்கொண்டிருக்கிறோம்.

சேலைன் குழாயைப் பூட்டினேன். கைக்கட்டை அவிழ்த்தேன். தொலைபேசிக்கு ஓடினேன். ஆய்வுகூடக்காரர் என்னை அங்கிருந்த பெரிய டொக்டரோடு, பொது வைத்திய நிபுணரோடு, பேச வைத்தார். அவர் இரண்டே கேள்விகள்தான் கேட்டார். சிறுநீர் எவ்வளவு போகிறது, கால் வீங்கியிருக்கிறதா? சொன்னேன்.

"ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்காதேயும். உடனை கொண்டு வாரும்" என்றார்.

அம்புலன்ஸ் மரநிழலில்தான் நின்றது. சாரதி அசையவில்லை. "டொக்டரின்ர கையெழுத்து இல்லாமல் எடுக்கேலாது மிஸி. பிறகு ஆர் பதில் சொல்லுறது?" என்றார். டொக்டர் நடுக்கடலில். நான் தெருவுக்கு ஓடிப்போய், சந்தியில் நின்ற வாடகைக் கார்க்காரரைக் கூட்டிவந்தேன். வாட்டைப் பெண்கள் வாட்டுத் தாதியிடம் ஒப்படைத்தேன். பின் இருக்கையில் அவரின் தலை என் மடியில், கால் பூமணி அக்காவின் மடியில். வேலணை கழியும்போது ஒரு வலிப்பு, பண்ணைப் பாலத்தில் இன்னொன்று. "அண்ணை, கெதியா விடுங்கோ" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

பெரிய டொக்டர் வாட்டு வாசலிலேயே நின்றார்.

"சேலைனை நிப்பாட்டினது ஆர்?"

"நான்தான்."

"நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர, அந்தக் காரியத்துக்காக எனக்கு வேறு ஒரு நல்ல சொல்லும் கிடைக்கவில்லை.

செறிவான உப்பு நீரை ஊசிமுனை அளவில் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினாலும் மூளைக்குக் கேடு என்றார். நான் அன்றிரவே வேலைக்குத் திரும்பி, லீவு நாளில் மறுபடி போய் நின்றேன். ஏற்றத் தொடங்கி மூன்றாம் நாள் முதலாளி கண் திறந்து பூமணி அக்காவைப் பார்த்து, "ஏன் உந்தப் பழஞ்சீலையோடை நிக்கிறாய்? மாத்துச் சீலை கொண்டு வரேல்லையே?" என்று கேட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் அழுதார்.

நெஞ்சு எக்ஸ்றே எடுத்தார்கள். இடது நுரையீரலின் வேரடியில் ஒரு கட்டி. பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். சில சுவாசப்பைப் புற்றுநோய்களில் கட்டியே ஒரு சுரப்பைச் சுரக்கும், அது சிறுநீரகத்துக்குத் தண்ணீரை வெளியே விடாதே என்று சொல்லிக்கொண்டிருக்கும் என்றார். உப்பு குறையவில்லை, தண்ணீர் கூடி உப்பைக் கலைத்துவிட்டது. முதலாளி குடிகாரர் என்று எழுதியிருந்த, நான் கூடக் கொண்டுவந்த அட்டையை வாங்கித் தன் பேனையால் குறுக்கே கோடிழுத்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் முதலாளி என்னை அருகில் கூப்பிட்டார். மணிக்கட்டில் தோல் உரிந்த இடத்தை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, எனக்கு எல்லாம் தெரிஞ்சது. கட்டினது தெரிஞ்சது. வெறிகாரன் எண்டு சிரிச்சதும் கேட்டது. இல்லையெண்டு சொல்ல வாய் திரும்பேல்லை."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நெஞ்சிலை இருக்கிற வருத்தம் என்ன எண்டு டொக்டர் சொன்னவர். அது வந்த மாதிரிப் போகட்டும். சாகிறதுக்கு நான் பயமில்லை. ஆனால் திரும்ப அப்பிடி ஆக விடாதேயுங்கோ. என்ர புத்தியோடை போக விடுங்கோ."

"ஓம் ஐயா" என்றேன். எதை நம்பிச் சொன்னேனோ தெரியாது.

அந்த லீவு முடிந்து திரும்பி வந்ததும் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் காத்திருந்தது. டொக்டரின் கட்டளையை மீறியது, கடமை நேரத்தில் வாட்டை விட்டு வெளியேறியது, அனுமதியில்லாமல் நோயாளியை இடம் மாற்றியது. மூன்று குற்றங்கள். விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குக் கதிரையும் தேநீரும். எனக்கு நிற்க ஓர் இடம். வாட்டுத் திறப்புச் சாவியை யாரிடம் கொடுத்தீர், காரை யார் பிடித்தது, எத்தனை மணிக்குத் திரும்பினீர் என்றெல்லாம் கேட்டார்கள். ஆய்வுகூடத் துண்டை மேசையில் வைத்தேன். நடுவில் இருந்தவர் அதைக் கவிழ்த்து வைத்தார். நோயாளி பிழைத்தாரா என்று அந்த மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைக்க எனக்கு நெஞ்சு எரிகிறது. எங்கள் இளம் டொக்டர் ஒரு மூலையில் குனிந்தபடி இருந்தார். அவர் கெட்டவரல்ல, தனியாக ஒரு தீவில் விடப்பட்ட பொடியன். ஆனாலும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடும் எச்சரிக்கை என்று என் கோப்பில் பதிந்தார்கள். இனி எதுவானாலும் எழுத்தில், உரிய வழியில், டொக்டரின் ஊடாக. மீறினால் தூர மாகாணத்துக்கு மாற்றம். என் சம்பளத்தில் இரண்டு தம்பிமார் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓம் என்று கையெழுத்து வைத்தேன்.

முதலாளியைத் தெற்கே புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். கதிர்ச் சிகிச்சையும் புற்றுநோய் ஊசிகளும் முடித்து, தலைமயிர் கொட்டி, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். ஆனால் சோடியம் நூற்றிமுப்பத்தொன்பது. இருமல் அடங்கிவிட்டது. எக்ஸ்றேயில் கட்டியைத் தேட வேண்டியிருந்தது. பெரிய டொக்டர் சொன்னார்: "இவருக்கு இந்த எண்தான் காவல். கட்டி சுருங்கினதோடை சோடியம் ஏறினது. திரும்ப வளந்தால் இறங்கும். சில பேரில படத்திலை தெரிய முதலே இறங்கும். மாதம் ஒருக்கால் பாரும்."

பார்த்தேன். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை முதலாளி பஸ்ஸில் வந்து கையை நீட்டுவார். வெள்ளை வேட்டி, மடித்த சால்வை. முதல் தரம் வந்த அன்றே வாட்டில் கூட்டுகிற ஆளைத் தேடிப் போய், "தம்பி, இண்டைக்கு ஒரு போத்தலும் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அவன் கூனிக் குறுகிப் போனான். வீட்டில் பூமணி அக்கா தண்ணீரை அளந்துதான் கொடுப்பார், ஒரு நாளைக்கு ஆறு பேணி, தேநீரும் சேர்த்து. "கடையிலை இவளை வைச்சிருந்தால் ஒரு சுருட்டும் களவு போயிராது" என்பார் முதலாளி. நூற்றிமுப்பத்தெட்டு, நூற்றிமுப்பத்தொன்பது, நூற்றிமுப்பத்தேழு. ஏழு மாதம் அப்படிப் போயிற்று.

அதற்குள் பெரிய டொக்டர் வெளிநாடு போய்விட்டார். எங்கள் இளம் டொக்டருக்கும் மாற்றம் வந்து, அவர் இடத்துக்கு இன்னொருவர் வந்தார். பட்டினத்துக் கிளினிக்கில் புது நிபுணர்.

எட்டாம் மாதம் நூற்றிமுப்பத்துமூன்று வந்தது. ஆள் நன்றாகத்தான் இருந்தார். வேலி அடைத்ததாகச் சொன்னார். நான் பட்டினத்து நிபுணருக்குக் கடிதம் எழுதினேன். உரிய வழியில், டொக்டரின் ஊடாக. முந்திய எண்களையெல்லாம் வரிசையாக எழுதி, சோடியம் இறங்குகிறது, தயவுசெய்து முன்கூட்டிப் பார்க்கவும் என்று எழுதினேன். மூன்று கிழமையால், இருபத்தொரு நாள் கழித்து, பதில் வந்தது. 'படத்தில் ஒன்றுமில்லை. குறித்த திகதியில் வரவும்.' குறித்த திகதி இரண்டு மாதம் தள்ளி.

பதில் வந்த கிழமையே முதலாளியைக் கூப்பிட்டுத் திரும்ப இரத்தம் எடுத்தேன். நூற்றியிருபத்தெட்டு. தண்ணீரை நாலு பேணியாகக் குறைக்கச் சொன்னேன். இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை.

ஆய்வுகூடக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மிஸி, நூற்றியிருபத்தெட்டு. பாத்தனீங்களே?"

"ஓம். எழுதியிருக்கிறன்."

"எழுதியிருக்கிறியளோ?" என்றார். "அண்டைக்குக் கார் பிடிச்சு வந்தனீங்கள்."

"வந்து பட்ட பாடு போதும்" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கோபம் அவருக்கு உரியதல்ல. அது எனக்குத் தெரியும். பட்டினத்துக் கிளினிக் எத்தனை மைல்? விடுமுறை நாளில் பஸ் ஏறியிருந்தால் ஒரு மணித்தியாலம். அந்த நிபுணரின் மேசையில் எண்களை வைத்து, பாருங்கள் ஐயா என்று சொல்லியிருக்கலாம். என்ன செய்திருப்பார்? கத்தியிருப்பார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் போகவில்லை. என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இரண்டு கடிதங்களின் பிரதிகள் இருந்தன. அவற்றைத் தொட்டுப் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி யாரும் என்னைக் குற்றம் சொல்ல ஏலாது என்ற நிம்மதி. அந்த விசாரணை எனக்குக் கற்றுத் தந்த பாடம் அதுதான். நோயாளியைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு என்னைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டேன்.

முதல் கடிதம் எழுதி ஆறாவது கிழமை, ஒரு மத்தியானம், பூமணி அக்கா அதே வாடகைக் காரில் அவரைக் கொண்டுவந்தார். கிணற்றடியில் நின்று துலாக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றாராம். மனைவியைப் பார்த்துக் கடையில் வேலைக்கு நின்றவரின் பெயரைச் சொல்லி, சுருட்டுக் கட்டுகளை இறக்கச் சொன்னாராம். முதல் தரம் தொடங்கியபோது எப்படிக் கூப்பிட்டாரோ அப்படி.

இந்த முறை யார் கையெழுத்தையும் நான் தேடவில்லை. காரை அப்படியே பட்டினத்துக்கு விடச் சொல்லி நானும் ஏறினேன். சோடியம் நூற்றிப்பன்னிரண்டு. எக்ஸ்றேயில் கட்டி திரும்பவும் தெரிந்தது. ஈரலும் வீங்கியிருந்தது. புது நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாங்கள் என்ன செய்யிறது? இவருக்கு அடுத்த மாதம் திகதி இருக்குத்தானே" என்றார்.

"திகதி உங்கட புத்தகத்திலைதான் டொக்டர் இருக்கு. இவரின்ர நெஞ்சுக்குள்ளை இல்லை" என்றேன். வாட்டே திரும்பிப் பார்த்தது. அவர் முதலாளியின் கோப்பைத் திறந்தார். என் கடிதங்கள் இரண்டும் அதில், துளை போட்டு, ஒழுங்காகக் கட்டியிருந்தன.

உப்பு நீர் ஏற்றினார்கள். நூற்றியிருபது வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. புற்றுநோய் ஊசிக்கு இனி உடம்பு தாங்காது என்றார்கள். பத்தொன்பது நாள் கிடந்தார். பூமணி அக்கா ஒவ்வொரு நாளும் புதுச்சீலை உடுத்திக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்பார். முதலாளி அவரைக் கடைசிவரை அடையாளம் காணவில்லை. புத்தியோடு போக விடுங்கள் என்று கேட்ட மனிதர், யாருக்கோ சரக்கு விலை சொல்லிக்கொண்டு போனார்.

முந்தி நடவடிக்கை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா? இல்லை. அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு அவ்வளவுதான். ஆனால் எண் இறங்கத் தொடங்கியபோதே ஊசிகளைத் தொடங்கியிருந்தால் சில மாதம் தெளிவோடு இருந்திருக்கலாம். வேலி அடைத்துக்கொண்டு, மனைவியைப் பகிடி பண்ணிக்கொண்டு. அந்த மாதங்கள் அவருக்குரியவை. அவற்றை நாங்கள் கடிதப் போக்குவரத்தில் தொலைத்தோம்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாளில், ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பூமணி அக்கா வைத்தியசாலைக்கு வந்தார். கதிரை போட்டு இருத்தினேன். அவர் கேட்காமலே நான் சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா, நான் ரண்டு தரம் எழுதினனான். பிரதியும் இருக்கு. காட்டுறன்."

லாச்சியைத் திறந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தெரியும் பிள்ளை. நீங்கள் எழுதினனீங்கள் எண்டு அவரும் எனக்குச் சொன்னவர். மிஸி எழுதியிருக்கிறா, இனிப் பயமில்லை எண்டு சொல்லிப்போட்டு நிம்மதியா இருந்தவர்." நீட்டிய என் கையை விலக்கிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் எழுதினதோடை நிண்டிட்டியள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்து போனார்.

பிள்ளைகளே, உங்களிடம் இன்றைக்குச் சில நிமிடங்களில் சோடியம் சொல்லும் இயந்திரங்கள் இருக்கின்றன. அந்தத் துண்டு உங்கள் கைக்குத்தான் முதலில் வருகிறது. வாசியுங்கள். போன தரம் எவ்வளவு என்று திருப்பிப் பாருங்கள். இறங்கியிருந்தால் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். எழுதிவிட்டு அன்றைக்கே எழும்பிப் போங்கள். கதவைத் தட்டுங்கள். கத்தினால் கத்தட்டும். விசாரணை வைத்தால் வைக்கட்டும், நின்றுகொண்டே பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும், அடுத்த நோயாளிக்காகத் திரும்பவும் எழும்பிப் போங்கள்.